இழுத்து விடாத கம்பி

பேஸ் கிட்டாருக்குப் புதுக் கம்பி போட்டால் மூன்று நாளாவது அதோடு மல்லுக்கட்ட வேண்டும். தெரியாதவர்கள் மாட்டின கையோடு சுருதி வைத்து, அப்படியே மேடையேறி, மானம் போய் இறங்கி வருவார்கள். மாட்டியதும் ஒவ்வொரு கம்பியையும் நடுவில் பிடித்து மேலே தூக்கி இழுக்க வேண்டும். இழுத்தால் சுருதி இறங்கும். திரும்ப ஏற்றிவிட்டு, திரும்ப இழுக்க வேண்டும். நாலு கம்பிக்கும் இப்படிப் பத்து முறை. கிட்டார் தலையில் கம்பியைச் சுற்றி ஏற்றுகிற முறுக்காணியில் சுற்று நெருக்கமாக விழுந்திருக்கிறதா, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் வாசிக்க வேண்டும், சும்மா வாசிக்க வேண்டும், யாரும் கேட்காத இடத்தில். மறுநாள் எடுத்துப் பார்த்தால் மறுபடி இறங்கியிருக்கும். மூன்றாம் நாள்தான் கம்பி வைத்த இடத்தில் நிற்கும். அதற்குள் விரல் நுனியில் தோல் வழன்றுவிடும், ஏனென்றால் புதுக் கம்பியின் மேல்பக்கம் அரம் போல வரிவரியாக இருக்கும்.

இவ்வளவு விவரம் எதற்கென்றால், இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தெரியாமல் செய்தேன் என்று நான் எங்கேயும் போய்ச் சொல்லிக்கொள்ள முடியாது.

நான் கட்டிங் மாஸ்டர். திருப்பூரில் பனியன், டி-ஷர்ட் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் துணி வெட்டும் பகுதி என் கையில் இருக்கிறது. சொந்த ஊர் சேவூர்ப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பேஸ் வாசிப்பேன். பதினெட்டு வருஷம். இந்தப் பதினெட்டு வருஷத்தில் ஒரே ஒரு பெரியவர் ஆராதனை முடிந்து என் கையைப் பிடித்து, "இன்னிக்கு வெகு சோக்கா இருந்துதுங்க" என்றார். அவர் டிரம்ஸைச் சொன்னார் என்பது பேச்சு கொஞ்சம் நீண்ட பிறகுதான் தெரிந்தது. போகட்டும். கவனிக்க யாரும் இல்லாவிட்டாலும் அந்த மூலை என்னுடையது. கீபோர்டுக்குப் பின்னால், ஜன்னலோரம், ஒரு மர ஸ்டூல். அதில் வேறு ஒருவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் துணி வெட்டும் மெஷினில் இடது கை மோதிர விரல் நுனி போயிற்று. கம்பி வலையில் செய்த கையுறை போட்டுக்கொண்டுதான் வெட்ட வேண்டும், சட்டம். எல்லோரையும் போடச் சொல்லிக் கத்துபவன் நான்தான். அன்றைக்கு நான் போடவில்லை. புண் ஆறினாலும் அந்த விரல் தடித்த கம்பியை அழுத்த மறுத்தது. நாலு சுரம் வாசிக்க வேண்டிய இடத்தில் இரண்டு வாசித்து ஓட்டினேன். பாடகர் குழுவை நடத்துபவர் சாயப் பட்டறைகளுக்குக் கெமிக்கல் சப்ளை செய்பவர். அவரே கீபோர்டும் வாசிப்பார். அதிர்ந்து பேச மாட்டார். "மாஸ்டரு, பேஸ் சித்தே பின்னால வருதுங்களே" என்பார். "வருமுங்க, மைக் அப்படி வெச்சிருக்கீங்க" என்பேன். மைக்குக்கும் பேஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காத நல்ல மனுஷன்.

அப்போதுதான் அவள் வந்தாள். தெற்கே கடற்கரைப் பக்கத்து ஊர். கணவனும் மனைவியுமாகப் பிழைக்க வந்தவர்கள். அவள் எங்கள் கம்பெனியிலேயே டெய்லர், சர்ச்சில் பாடகர் குழுவில் பெண்கள் பக்கம் நின்று பாடுவாள். முப்பது வயது இருக்கும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஒத்திகைக்கு நான் தாமதமாகப் போனேன். கிட்டாரை முதல் நாளே சர்ச்சில் விட்டுவிட்டு வந்திருந்தேன். வண்டியை நிறுத்தும்போது உள்ளேயிருந்து பேஸ் கேட்டது. யாரோ செல்போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். உள்ளே போனால் என் ஸ்டூலில் அவள். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, நான் வாசிக்காமல் விட்ட அந்த இரண்டு சுரங்களையும் சேர்த்து வாசித்துக்கொண்டிருந்தாள். சுற்றி நின்றவர்களின் முகத்தைப் பார்த்தேன். பதினெட்டு வருஷத்தில் என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை.

என்னைக் கண்டதும் பதறி எழுந்தாள். "சும்மா எடுத்துப் பாத்தேம்ணே, தப்பா நெனச்சிராதீங்க."

"எங்கம்மிணி பழகுனே?"

"எங்க ஊர் வேதக் கோயில்லண்ணே. அங்க ஒரு பழைய கிட்டார் உண்டு. நான் பொறக்கும் முன்ன போட்ட கம்பி, கடக்காத்துல துருப்பிடிச்சுக் கெடக்கும். அதுலதான் வாசிப்பேன். கம்பிய மாத்தியே நான் பாத்ததில்ல."

ஆயர் அன்றைக்கு ஒத்திகைக்கு வந்திருந்தார். அவரும் குழு நடத்துபவரும் வெளியே போய் ஏதோ பேசினார்கள். திரும்பி வந்த குழு நடத்துபவர் என் தோளில் கை வைத்தார். தோளில் கை வைத்தாலே எனக்குத் தெரியும். "அடுத்த ஞாயித்துக்கிழமை அம்மிணிய வாசிக்க உட்டுப் பாப்பமுங்களா? நல்லா வந்துதுன்னா கிறிஸ்துமஸுக்கும் அதுவே வாசிக்கட்டும். நீங்களும் கைக்கு ரெஸ்ட் குடுத்த மாதிரி இருக்குமுங்க."

"தாராளமா வாசிக்கட்டுமுங்க" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வயிறு எரிந்தது. அவள் ஆராதனையில் வாசித்துவிட்டால் அப்புறம் எனக்கு அந்த ஸ்டூல் கிடையாது. அதற்குப் பெயர் பொறாமை, வேறு நல்ல பெயர் தேட வேண்டாம்.

அந்த வாரம் கம்பெனியில் ஒன்று நடந்தது. டி-ஷர்ட்டுக்கான லைக்ரா துணி திங்கட்கிழமை காலையில் வந்து இறங்கியது. அந்தத் துணி சுருளாக வரும்போது இழுபட்டு வரும். பிரித்துத் தளர விரித்து ஒரு நாள் சும்மா போட வேண்டும். அது தன் அளவுக்குத் தானே சுருங்கி அடங்கிய பிறகுதான் கத்தி வைக்க வேண்டும். இல்லையென்றால் வெட்டும்போது சரியாக இருக்கும், தைத்து முடித்தால் அளவு குறையும். ப்ரொடக்ஷன் மேனேஜருக்கு அவசரம். கப்பலுக்கு நாள் நெருங்கிவிட்டது.

"இன்னிக்கே வெட்டிருங்க மாஸ்டர்."

"சார், துணிக்கு ஒரு நாளாவது ரெஸ்ட் குடுக்கோணுமுங்க."

"உங்களுக்கு ரெஸ்ட் வேணும்னா சொல்லுங்க. துணியச் சாக்கு சொல்லாதீங்க."

வெட்டினேன். புதன்கிழமை செக்கிங்கில் பீஸ் எல்லாம் நீளம் குறைந்து வந்தது. மேனேஜர் அந்த லைன் டெய்லர்களை வரிசையாக நிற்க வைத்துக் கிழி கிழி என்று கிழித்தார். கை வேலை தெரியவில்லை, கண்ணை எங்கே வைத்துத் தைக்கிறீர்கள், அது இது என்று. அந்த வரிசையில் அவளும் இருந்தாள். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள், ஒருத்தி எதிர்த்துக்கூடக் கேட்டாள். இவள் மட்டும் பீஸைக் கையில் வைத்து இன்ச் டேப்பால் இரண்டு முறை அளந்து பார்த்துவிட்டு, "எங் கை கொஞ்சம் கூடுதலா இழுத்திருக்கும் போல, சார். இனிமே பாத்துத் தைக்கேன்" என்றாள்.

நான் பத்தடி தள்ளி நின்றிருந்தேன். தப்பு துணியில் இருந்தது, பழி தைத்தவள் தலையில் விழுந்தது, வெட்டினவனை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளைப் பற்றி எனக்கு அன்றைக்கு ஒன்று புரிந்தது. யாராவது குற்றம் சொன்னால் அது தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று நம்புகிற ரகம். சாப்பாட்டு மணி அடித்தபோது நான் என்ன செய்யப் போகிறேன் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை கோயமுத்தூர் போய் ஒரு செட் கம்பி வாங்கி வந்தேன். நல்ல கம்பி. அதில் கஞ்சத்தனம் பண்ணவில்லை. சனிக்கிழமை ஒத்திகையில் அவள் என் பழைய கம்பியிலேயே வாசித்தாள். மூன்று பாட்டும் அவ்வளவு அழகாக வந்தது. குழு நடத்துபவர் கீபோர்டை நிறுத்திவிட்டு அவளைத் தனியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஒத்திகை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் நான் சொன்னேன்: "அம்மிணி மொத மொதல்ல ஆராதனைல வாசிக்குது. துருப்புடிச்ச கம்பில வாசிக்க உடறது நல்லாருக்குமுங்களா? நான் புதுக் கம்பி வாங்கி வெச்சிருக்கறனுங்க. காலையில மாட்டிக் கொண்டாந்தர்றேன்." அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். குழு நடத்துபவருக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்க மனசு யாருக்குங்க வரும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு வீட்டு வாசலில் உட்கார்ந்து பழைய கம்பியைக் கழற்றினேன். புதியதை மாட்டினேன். வேண்டுமென்றே முறுக்காணியில் கூடுதலாகச் சுற்று விட்டு, தளரத் தளரச் சுற்றினேன். ஒரு முறைகூட இழுத்து விடவில்லை. முன்பு ஒரு தடவை கம்பி மாற்றியபோது மூன்று நாள் நான் அதை இழுத்த இழுப்பில் வீடே நாராசமாகி, என் மனைவி அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பியவள். அவள் இப்போது காபியை வைத்துவிட்டு நின்று பார்த்தாள்.

"ஏனுங்க, இழுத்து உடலீங்களா?"

"நேரமில்ல."

"நேத்தே போட்டிருக்கலாமுல்லங்க?"

"எல்லாம் எனக்குத் தெரியும். நீ போயிப் பொறப்படு."

அவள் காபி டம்ளரை, நான் குடித்தேனா இல்லையா என்றுகூடப் பார்க்காமல், எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சர்ச்சில் ஆராதனை தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது நானே சுருதி வைத்துக் கொடுத்தேன். கிட்டார் தலையில் கவ்வ வைக்கிற சின்ன ட்யூனர் ஒன்று உண்டு, சுருதி சரியாக இருந்தால் பச்சை விளக்கு எரியும். நாலு கம்பிக்கும் பச்சை எரிந்ததை அவளுக்குக் காட்டினேன். காட்டிவிட்டு ட்யூனரைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவள் புதுச் சேலை கட்டியிருந்தாள். அவள் கணவன் பக்கத்து லைன் வீட்டு ஆட்கள் நாலைந்து பேரை அழைத்து வந்து மூன்றாம் வரிசையில் உட்கார வைத்து, செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்கத் தயாராக இருந்தான். ஆயர் தொடக்கத்திலேயே, சகோதரிக்காகப் புதுக் கம்பி காணிக்கை கொடுத்த சகோதரர் என்று என்னைச் சொன்னார். சபை முழுக்க ஸ்தோத்திரம் என்றது. நானும் சொன்னேன்.

முதல் பாட்டில் முதல் சரணம் வரைக்கும் நின்றது. புதுக் கம்பியின் ஒலி பளீரென்று இருந்தது, ஜனங்கள் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். இரண்டாம் சரணத்தில் தடித்த கம்பி இறங்க ஆரம்பித்தது. அவளுக்கு உடனே தெரிந்தது. அவள் முகத்தை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சட்டென்று குனிந்து தன் இடது கையைப் பார்த்தாள், தப்பான கட்டத்தில் விரல் வைத்துவிட்டோமோ என்று. சரியாகத்தான் வைத்திருந்தாள். அழுத்தி வைத்துப் பார்த்தாள். விரலை நகர்த்தினாள். நகர்த்தும்போதெல்லாம் புதுக் கம்பி கீச்சென்றது, ஸ்பீக்கரில் அது சபை முழுக்கக் கேட்டது. மூன்றாம் சரணத்தில் பேஸ் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம்.

ஆயர் ஜெபம் பண்ணும்போது அவள் முறுக்காணியைத் திருகிச் சரிபண்ணப் பார்த்தாள். சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டாள். ஜெபத்துக்கு நடுவே மாடு கத்துவது போல ஒரு சத்தம் கேட்டது. பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் ஏற்றிய கம்பி மறுபடி இறங்கிற்று, ஏற்றாத கம்பியும் இறங்கிற்று. இரண்டாம் பாட்டு முதலிலிருந்தே அலங்கோலம். பாடுகிறவர்களே தடுமாறினார்கள். மூன்றாம் பாட்டுக்கு முன்னால் குழு நடத்துபவர் அவளைப் பார்க்காமல் கையை மட்டும் லேசாக அசைத்தார், வேண்டாம் என்று. அவள் நாலு கம்பியின் மேலும் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள். ஆராதனை முடிகிற வரைக்கும் கிட்டாரை மடியில் வைத்தபடி அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நடுவில் எழுந்து போகக்கூட வழியில்லை, எல்லோரையும் தாண்டித்தான் போக வேண்டும். மூன்றாம் வரிசையில் அவள் கணவன் எப்போது போனைக் கீழே இறக்கினான் என்று நான் கவனிக்கவில்லை.

முடிந்ததும் கிட்டாரை உறையில் போட்டு அவளே வண்டி நிறுத்தும் இடத்துக்குக் கொண்டுவந்தாள். குழு நடத்துபவர் என் பக்கத்தில் நின்றிருந்தார். அவள் வலது கை இரண்டு விரலிலும் தோல் வழன்று சிவந்திருந்தது.

"மன்னிச்சிருங்கண்ணே. புதுக் கம்பி போட்டுத் தந்தீக. நாங் கெடுத்துட்டேன்."

"பரவால்ல அம்மிணி."

"நேத்து நல்லாத்தானண்ணே வந்துச்சு? எனக்கு என்னண்ணே கொறை? நீங்க சொல்லுங்க, உங்களுக்குத் தெரியும்."

குழு நடத்துபவர் குறுக்கே வந்தார். "பயந்துருச்சுங்க, அவ்வளவுதான். இன்னொரு வாரம் வாசிக்கட்டுமுங்களே" என்றார்.

இன்னொரு வாரம் என்றால் கம்பி அடங்கிவிடும். அவள் கையில் அது பாடும். நான் யோசிக்கக்கூட இல்லை, வாயில் தயாராக வந்தது. "பயமில்லீங்க. பழைய கம்பி மழுங்கிப் போயிருக்குமுங்க, எப்படி வாசிச்சாலும் மூடி மறைச்சிரும். புதுக் கம்பி உள்ளதைக் காட்டிக் குடுத்துருமுங்க." அவளைப் பார்த்துச் சொன்னேன்: "அம்மிணி, உனக்குக் கை இருக்குது. காது இல்ல. சுருதி வெலகுறது உனக்குக் கேக்கறதில்ல. அது பழகி வர்றது இல்ல கண்ணு, பொறப்புலயே வேணும்."

கண்ணு என்றுதான் சொன்னேன். கடவுளே, அந்தக் குரலில் எவ்வளவு கனிவு இருந்தது!

சுருதி விலகியது அந்தச் சர்ச்சில் முதலில் கேட்டது அவளுக்குத்தான். என் கண்ணால் பார்த்தேன். அவள் மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அவள் கொஞ்ச நேரம் தன் விரலைப் பார்த்தாள். பிறகு, "அப்படியாண்ணே" என்றாள்.

அடுத்த ஞாயிறு நான் வாசித்தேன். வாரம் முழுக்க வீட்டில் இழுத்து இழுத்து, சுற்றைச் சரிசெய்து, கம்பி அம்சமாக அடங்கியிருந்தது. பாதி சுரத்தை விட்டேன், ஆனால் வாசித்தது சுத்தமாக இருந்தது. போன வாரத்துக் கூத்துக்கு அப்புறம் ஜனங்களுக்கு அதுவே தேனாக இருந்திருக்கும். இரண்டு பேர் வந்து கைகொடுத்தார்கள், இந்த முறை டிரம்ஸைச் சொல்லவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது! வீட்டுக்கு வண்டியில் வரும்போது பின்னால் இருந்து மனைவி, "இன்னிக்குக் கம்பி நல்லா நின்னுதுங்க" என்றாள். நான் வண்டியை வேகமாக ஓட்டினேன்.

அவள் பாடகர் குழுவிலிருந்து நின்றுவிட்டாள். ஷிஃப்ட் மாறிவிட்டது என்று ஆயரிடம் சொன்னாளாம். ஞாயிறு ஷிஃப்ட் எங்கள் கம்பெனியில் கிடையாது. சர்ச்சுக்கு மட்டும் தவறாமல் வந்து, பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்காருவாள். என் ஸ்டூலிலிருந்து பார்த்தால் அந்த வரிசை நேராகத் தெரியும்.

கிறிஸ்துமஸ் ஆராதனையில்தான் கவனித்தேன். எல்லோருக்கும் மனப்பாடமான பாட்டு, சின்னக் குழந்தைகூட எழுந்து நின்று பாடுகிறது. அவள் பக்கத்திலிருந்த கிழவிக்காகப் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, வரி வரியாக விரலை வைத்துக் காட்டிக்கொண்டு நின்றாள். வாய் மட்டும் மூடியிருந்தது. அடுத்த பாட்டுக்கும் மூடியிருந்தது. வாய்க்குள் முணுமுணுப்பு, உதட்டசைவு எதுவும் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே வாசித்ததில் எனக்கு இரண்டு இடத்தில் தவறியது.

ஆராதனை முடிந்து வெளியே கேக்கும் டீயும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் தனியாக நின்றபோது கிட்டப் போனேன். எதற்குப் போனேன் என்று இப்போதும் தெரியவில்லை.

"ஏனம்மிணி, எல்லாரும் பாடறாங்க, நீ வாயே தொறக்கலியே?"

"பாடுறது இல்லண்ணே இப்ப." வெகு இயல்பாகச் சொன்னாள். "பக்கத்துல நிக்கிறவங்களுக்கும் சுருதி வெலகிப் போகும்லா. இத்தன வருசம் எங்க ஊர் கோயில்ல கத்திக்கிட்டு நின்னிருக்கேன், பாவம், ஒருத்தரும் சொல்லல. மெஷின்ல இருக்கும்போது எதையாவது பாடிக்கிட்டே தைப்பேன், அதையும் விட்டுட்டேம்ணே."

சொல்ல வேண்டியது நாலே வார்த்தை. கம்பியை நான் இழுத்து விடவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை. அவள் டீயை ஊதிக்கொண்டு நின்றாள், எனக்கு வேண்டிய அவகாசம் இருந்தது. நான் கேக்கைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டேன்.

"அன்னைக்கு எல்லாரும் பயத்துல அப்படி ஆயிட்டுன்னு சமாதானம் சொன்னாங்க" என்றாள். "எம் வீட்டுக்காரரே அதத்தான் சொன்னாரு. நீங்க ஒருத்தர்தாண்ணே எங்கிட்ட உள்ளதச் சொன்னீங்க. அத நான் மறக்க மாட்டேன்."

"அதுக்கென்ன அம்மிணி" என்றேன்.